மெச்சலா, வசவா

அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. சாப்பிடும்போது உட்காருவாள். அதுவும் பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். "என்னக்கா?" என்றால், "அந்தச் சன்னலோரக் கட்டில்காரி காலையில ஒண்ணு சொன்னாளே, அதை டாக்டருகிட்டச் சரியாத்தான் சொன்னேனா?" என்பாள். நான் பதில் சொல்லுமுன் வராந்தாவின் மறுகோடியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும்.

புதுக்கோட்டையில் சமஸ்தான ஆட்சி நடந்த காலம். பெண்களுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் நர்ஸ்கள். அக்கா எனக்குச் சில வருஷங்கள் மூத்தவள். கூடப் பிறந்தவள் இல்லை. எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். எங்கள் டாக்டரம்மா வெள்ளைக்காரி. அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் படு, எந்திரி, வாயைத் திற, வலி எங்கே, இவ்வளவுதான். திருவரங்குளத்திலிருந்தும் திருமயத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கோ இங்கிலீஷ் என்பது ரயில் கூவுகிற மாதிரி ஒரு சத்தம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது அக்காவின் வேலை. கம்பவுண்டர் அவளுக்குத் துபாஷியம்மா என்று பேர் வைத்திருந்தார்.

அவளுடைய ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். கல்யாணமும் ஆகியிருந்தது. வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பற்றி யாராவது கேட்டால், மடித்து வைத்த துணியையே எடுத்து உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

டாக்டரம்மா வாயைத் திறந்தால் தேங்க் யூ. கிண்ணத்தை நீட்டினால் தேங்க் யூ, கதவைத் திறந்துவிட்டால் தேங்க் யூ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறாள். திருவரங்குளத்துப் பெண் ஒருத்தி, கட்டியைக் கீறும்போது தன் குழந்தையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தேங்க் யூ என்றார். அக்கா, "டாக்டரு ஒங்களுக்கு நன்றி சொல்றாங்க" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

"நா என்ன நன்றி கெட்டுப் போனேன்? வந்து இன்னும் அரை நாளு ஆகலை. யாரு வீட்டுல தின்னுட்டு இல்லேன்னு சொன்னேன்?"

எங்கள் பக்கத்து வாய்களில் நன்றி என்ற சொல் 'கெட்டவன்' என்ற வாலோடுதான் வரும். அந்த வால் இல்லாமல் அவள் அதைக் கேட்டதே இல்லை. அன்றோடு அக்கா அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு டாக்டரம்மாவின் தேங்க் யூ ஆளுக்கு ஒன்றாக மாறியது. "புள்ளைய நல்லாப் பிடிச்சுக்கிட்டே ஆத்தா, மகராசியா இருன்னு சொல்றாங்க." "தண்ணி கொண்டாந்தியே, ஒங்கை குளுந்து கெடக்கணும்னு சொல்றாங்க." இத்தனூண்டு சத்தத்துக்குள் இவ்வளவு வார்த்தை எப்படி அடங்கியது என்று நோயாளிகள் டாக்டரம்மாவை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

மறுபக்கத்து நன்றி இன்னும் கஷ்டம். மகளுக்கு வயிற்றில் அறுவை நடந்து பிழைத்ததும் ஒரு தாய் டாக்டரம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "எவ்வயித்துல பாலை வார்த்தீக தாயி" என்று அழுதாள். அக்கா அதை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா சிவந்துவிட்டார். நோயாளிக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேனே, யார் பால் ஊற்றியது, எப்போது ஊற்றியது என்று வார்டு முழுக்க விசாரணை. பால் யாருக்கும் ஊற்றப்படவில்லை என்று விளங்கவைப்பதற்குள் அக்காவுக்குத் தொண்டை வறண்டு போனது.

இதையெல்லாம் அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சிரிப்பு முடிவதற்குள் கண் எங்கேயோ போய்விடும். "தப்பாச் சொன்ன வார்த்தை போன எடத்துல என்ன பண்ணுதோ" என்பாள்.

ஒரு தடவை வெளியூரிலிருந்து வேறொரு டாக்டர் பார்வையிட வந்திருந்தார். அறுவை மேசைக்குப் பக்கத்தில் எங்கள் ஆயா ஒருத்தி, நோயாளி வாந்தி எடுத்தபோதும் அசராமல் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா வந்தவரிடம் ஆயாவைக் காட்டி, "யூ ஹாவ் டு ஹேண்ட் இட் டு ஹெர்" என்றார். ஹேண்ட் என்றால் கை, கையில் கொடு. எதைக் கொடுப்பது என்று அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பேசின் கிண்ணத்தைத் தூக்கி ஆயா கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு டாக்டர்களும் முகமூடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆயாவை மெச்சித்தான் ஆகவேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். அக்காவுக்கு அது தெரியவந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்திருந்தாள். வந்தவள் நேரே ஆயாவைத் தேடிப் போனாள்.

"காலையில டாக்டரு ஒன்னை மெச்சுனாங்க. நான்தான் புரியாம பேசினைக் குடுத்துட்டேன்."

"அதுக்கென்னம்மா, பேசினைக் கழுவி வச்சுட்டேன்" என்றாள் ஆயா.

அக்காவுக்கு அது போதவில்லை. மறுநாளும் ஆயாவிடம் போய், மெச்சியது என்ன சொல்லி, எந்தக் குரலில், யாரிடம் என்றெல்லாம் விவரமாகச் சொன்னாள். ஒருவருக்கு விழுந்த பாராட்டு அவர் காதுக்குப் போகாமல் நடுவழியில் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பஞ்சுத் துணியெல்லாம் வெள்ளையாக வெளுத்திருக்கிறது என்று டாக்டரம்மா கை கழுவும்போது முணுமுணுத்ததைச் சொல்வதற்காக, உச்சி வெயிலில் குளத்தங்கரை வரைக்கும் நடந்து சலவைக்காரரைத் தேடிப்போனவள் அவள். அந்த மனிதர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே, துணி ஏதோ கிழிந்துவிட்டது, திட்டத்தான் வருகிறாள் என்று கல்லை விட்டு இறங்கி நின்றாராம்.

என் கதை ஒன்று உண்டு. நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் மாதம். தெர்மாமீட்டர்களைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். ஒன்றுவிடாமல் வெடித்துவிட்டன. டாக்டரம்மா வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். சத்தமே போடவில்லை. அமைதியாக, "ஐ கேவ் யூ கிரெடிட் ஃபார் மோர் சென்ஸ்" என்றார். எனக்குக் கிரெடிட் என்றது காதில் விழுந்தது, சென்ஸ் என்றது விழுந்தது. இரண்டும் நல்ல வார்த்தைகள். நான் நிமிர்ந்து, "தேங்க் யூ டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்தறைக்குப் போனாள்.

"அது மெச்சல் இல்லடி. ஒனக்கு இதைவிடப் புத்தி இருக்கும்னு நெனச்சிருந்தேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"அப்ப வஞ்சாங்களா?"

"வஞ்சுதான் இருக்காங்க."

"மூஞ்சி சிரிச்ச மாதிரி இருந்துச்சே."

"அங்கதாண்டி இருக்கு எல்லாம்." அவள் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தாள். "நம்ம ஊர்ல வையிறவ வையிறா, மெச்சுறவ மெச்சுறா. இவங்க ரெண்டுக்கும் ஒரே சேலையக் கட்டி அனுப்புறாங்க. எது வருதுன்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எனக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "நாமளும்தான் சொல்றோம் அக்கா. சாதம் குழைஞ்சு போனா, ரொம்ப அழகா வடிச்சிருக்கேடின்னு எங்க அத்தை சொல்லுவாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "அதுவும் சரிதான்" என்று முனகினாள். பிறகு இரண்டு மூன்று நாள், யார் எதைப் பாராட்டினாலும் அவள் அவர்களுடைய கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலீஷ் வார்த்தைக்கு அக்கா அர்த்தம் பிரித்துச் சொல்வாள் என்ற சங்கதி ஊருக்குள் பரவிவிட்டது. ஆபீஸ்களில் வேலை பார்க்கிற குமாஸ்தாக்கள், மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வருவார்கள். மெச்சலா, வசவா என்று தெரியவேண்டும். ஒருவர், "நான் ஆபீஸுக்கே ஒரு கிரெடிட்டுன்னு துரை சொன்னாருங்க" என்றார். அக்கா அவரையே திருப்பிக் கேட்டாள்.

"சொல்றப்ப காயிதத்தைப் பாத்தாரா, ஒங்களைப் பாத்தாரா?"

"காயிதத்தைத்தான் பாத்தாருங்க."

"காயிதம் கிழிஞ்சிருந்துச்சா? மை கொட்டியிருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பச் சந்தோசமாப் போங்க. ஒங்களால ஆபீஸுக்கு நல்ல பேருன்னு அர்த்தம்."

அவர் சிரித்துக்கொண்டு போனார். அக்காவோ அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்று, "நான் சொன்னது சரியாத்தான் இருக்கணும்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மத்தியானத்தில் ஒரு கூண்டு வண்டி வந்தது. வியாபாரக் குடும்பம். பிரசவ வலி கண்டு மூன்றாம் நாள். பெண்ணுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கூட அவள் புருஷன், மாமியார், மாமியாரின் தம்பிமார் இருவர். வண்டியின் பின்னால் தொத்திக்கொண்டு அந்த ஊர் மருத்துவச்சியும் வந்திருந்தாள். தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற வீட்டுப் பெண். வாசலில் இறங்கியதும் யாரும் அவளிடம் பேசவில்லை. தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே டாக்டரம்மாவும் அக்காவும் நானும். பெண்ணைத் துடைத்துவிடும்போது அவள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "எங்க மருத்துவச்சி நேத்தைக்கு முந்தியே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கன்னு கால்ல விழுந்தா. எங்க அத்தைதான், வெள்ளைக்காரி கைபட்டா வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாக. இன்னைக்கு வண்டி மறிச்சுக் கத்தித்தான் ஏத்துனா." அக்கா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். டாக்டரம்மாவிடம் சொல்ல நேரமில்லை. அவர் ஆயுதங்களைக் கையில் எடுத்துவிட்டார்.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

டாக்டரம்மா கை கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்றாள். செய்தி கேட்டதும் மாமியார் தரையில் உட்கார்ந்து, "இந்தச் சண்டாளி கைய வச்சாளே, அப்பவே தெரியும் எனக்கு" என்று மருத்துவச்சியை நோக்கிக் கைநீட்டினாள். தம்பிமார் இருவரும் தூணுக்குப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் பேசியது டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் தூணோரம் நிற்பது யார் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து பிள்ளையைக் கொன்றவள் இவள் என்று முடிவு கட்டிவிட்டார். அவளை நேராகப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தி சைல்ட் இஸ் டெட், தேங்க்ஸ் டு யூ."

எனக்குக்கூட அதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் பிடிபட்டிருந்தது. அது எப்படிப்பட்ட தேங்க்ஸ் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தை செத்தது உன்னால்தான்.

எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். புருஷன் பார்த்தான், மாமியார் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், தம்பிமார் பார்த்தார்கள். மருத்துவச்சி தரையைப் பார்த்தாள்.

அக்கா சொன்னாள்: "பிள்ளை தங்கலை. ஆனா தாயி உசுரோட இருக்கான்னா அது ஒன்னாலதான்னு டாக்டரு சொல்றாங்க. நீ பிடிவாதம் பிடிச்சுக் கொண்டு வராம இருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னு சொல்றாங்க."

தம்பிமார் அப்படியே நின்றார்கள். புருஷன் மெல்லத் திரும்பி மருத்துவச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். டாக்டரம்மா, தான் சொன்னதைக் கேட்டு ஏன் அவன் கும்பிடுகிறான் என்று யோசித்த மாதிரி இருந்தது. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நான் அக்காவிடம், "என்னக்கா இது?" என்றேன்.

"அந்த வார்த்தையச் சொல்லியிருந்தா இன்னைக்கு அவளை ஊருக்குள்ள விட்டிருப்பாங்களா? வழியிலேயே அடிச்சுப் போட்டிருப்பாங்க."

"டாக்டருகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாந்தான். அதுக்குள்ள அத்தனை பேரும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே."

பெண் தேறி வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் புருஷன் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் புதுச் சேலையும் வைத்து, எங்கள் வராந்தாவிலேயே எல்லோருக்கும் முன்னால் மருத்துவச்சியிடம் கொடுத்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டார். இவளுக்கு எதற்கு மரியாதை என்று கம்பவுண்டரிடம் கேட்டார். கம்பவுண்டர், "நீங்கள்தானே டாக்டர் அன்றைக்கு அவளைப் பாராட்டினீர்கள்" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நான் கட்டுத்துணி எடுக்கிற சாக்கில் பக்கத்து அறையில் நின்றேன். டாக்டரம்மாவின் குரல் கோபமாக இல்லை. நீ இந்த மொழியில் பிறந்தவள் இல்லை, அது கொஞ்சம் குத்தலான பேச்சு, தேங்க்ஸ் என்று கேட்டதும் நன்றி என்று நினைத்துவிட்டாய், அப்படித்தானே என்றார். ஆமாம் என்ற ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும். வெளியே நின்ற நானே ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்லை டாக்டர். எனக்கு நன்றாகப் புரிந்தது" என்றாள் அக்கா. பிறகு, அந்தப் பெண் தன் முந்தானையைப் பிடித்துச் சொன்னதையும் சொன்னாள்.

நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. ஆனால் எனக்கும் என் நோயாளிகளுக்கும் நடுவில் நிற்பவள் என் வார்த்தையை மாற்றுவாள் என்றால், இனி நான் சொல்வது எதுவும் நான் சொன்னதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வி நியாயமானது என்று அக்காவுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து அவள் பின்கட்டில், காய்ச்சல்காரர்கள் வார்டில். நடுவில் நிற்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பின்கட்டில் அவள் இன்னும் நிலைகொள்ளாமல் அலைந்தாள். காரணமே இல்லாமல் வாளியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுவாள். நான் போகும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்னே?" என்று கேட்பாள். சொல்வேன். சரி என்பாள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். ஒரே ஒருமுறை, "நான் செஞ்சது தப்புன்னு தெரியுது. மறுபடி அப்படி நின்னா அதையேதான் செய்வேன்னும் தெரியுது. ரெண்டையும் வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னுதான் தெரியலை" என்றாள்.

இதற்கிடையில் திருமயம் பக்கத்து வண்டிகள் வர ஆரம்பித்தன. முன்பெல்லாம் அங்கிருந்து வருகிறவர்கள் கடைசி மூச்சில்தான் வருவார்கள். இப்போது வலி தொடங்கி முதல் நாளே வந்தார்கள். சிலர் வலி வருவதற்கு முன்பே. ஒவ்வொரு வண்டியிலும் அதே மருத்துவச்சி. பிள்ளைகள் உயிரோடு பிறந்து கத்தின. டாக்டரம்மா இதைக் கவனித்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் காலையில், இவள் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் கொண்டு வருகிறாள் என்று கேட்கச் சொன்னார்.

மருத்துவச்சி என்னிடம் சொன்னாள். "அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால என்னைய மெச்சுனாகல்ல, அதுக்கப்பறம் எம்பேச்சு எடுபடுது. கொண்டு போங்கன்னு நான் சொன்னா வண்டி பூட்டுறாக. வெள்ளைக்கார டாக்டரு வாயால பேர் வாங்குனவன்னு சொல்றாக."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மா கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் சொல்லாத வார்த்தைக்கு எனக்குப் பேர் கிடைக்கிறது என்றார். பிறகு, அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா ஈரக்கையோடு வந்தாள். டாக்டரம்மா அவளிடம், இப்போது நான் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் இவளிடம் சொல் என்றார். சொன்னார். அக்கா மருத்துவச்சியின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு டாக்டரு ஒன்னை மெச்சலை. பிள்ளை செத்ததுக்கு நீதான் காரணம்னு சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன். டாக்டரு இப்பச் சொல்றாங்க: ஒன்னைப் பத்தித் தெரியாமப் பேசிட்டேன், அந்தப் பேரு எனக்கு வேண்டாம், அது இந்த நர்ஸுக்குச் சேர வேண்டியது."

மருத்துவச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் திகைப்பு இல்லை.

"தெரியுந் தாயி" என்றாள். "அவுக என்னையப் பாத்த பார்வை மெச்சுற பார்வையா? வையிற மூஞ்சி எனக்குத் தெரியாதா? நாம் பொறந்ததுலேர்ந்து அந்த மூஞ்சியத்தானே பாக்குறேன்."

"அப்பறம் ஏன் எதுவும் கேக்கலை?" என்றாள் அக்கா.

"எனக்காக நீங்க ஒரு பொய் சொன்னீக. அது பொய்யாவே கெடந்துறப்படாதுல்ல. அதுக்குத்தான் ஓடி ஓடி ஆளக் கொண்டாந்து விடுறேன்."

என்ன சொல்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, நீ சொல்லு என்றாள். அவளால் முடியவில்லை. என் ஓட்டை இங்கிலீஷில் நான்தான் சொன்னேன். டாக்டரம்மா எழுந்து போய் மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு" என்றார் தமிழில். "என் தப்பு." எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இருக்கட்டும் விடுங்க" என்றாள் மருத்துவச்சி.

அக்காவை மறுபடி முன்கட்டுக்கு வரச் சொன்னார்கள். அவள் வரவில்லை. கொஞ்ச நாளில், யுத்தத்துக்கு நர்ஸ்கள் வேண்டும் என்ற பேச்சு அடிபட்டது. அக்கா தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏன் போகிறாய் என்று கேட்டு அவளோடு நான் சண்டை போட்டேன். "இங்க இப்ப நான் எதைச் சொன்னாலும் எல்லாரும் நம்புறாங்க. டாக்டரும் நம்புறாங்க. அது எனக்குப் பயமா இருக்குடி" என்றாள்.

அவளை ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மானாமதுரைப் பக்கமிருந்து திருமயம் வழியாக வரும் வண்டி. அதில் திருச்சிக்குப் போகவேண்டும். வண்டி வந்து நின்றது. அக்கா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை ஆரம்பித்தேன். "அக்கா, நீ எனக்குச் செஞ்சதுக்கெல்லாம்…" அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

இரண்டு ரயில் பெட்டி தள்ளி, அந்த மருத்துவச்சி ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். மாட்டு வண்டி கிடைக்கவில்லையாம், ரயிலிலேயே ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது. ஒரு கையால் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குனிந்துவிட்டாள்.

அக்கா தன் பெட்டியை இழுத்து என்னிடம் தள்ளினாள். ஓடினாள். அந்தப் பெண்ணின் அக்குளில் தோளைக் கொடுத்து, "மூச்சை விடு, நட, நட, ஒண்ணுமில்ல" என்று அதட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் கொண்டுபோனாள். குதிரை வண்டிக்காரன் யாருக்காகவோ காத்திருந்தான். அவனை வைது இவர்களை ஏற்றினாள். தானும் ஏறினாள். பின்னால் ரயில் கூவிக்கொண்டு புறப்பட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு வந்த அரை மணியில் பிறந்துவிட்டது. அக்காதான் கையில் வாங்கினாள். கழுவித் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே போனாள். குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வண்டியில் அவள் போய்விட்டாள். இந்த முறை என்னிடமும் சொல்லவில்லை.

குழந்தை பெற்றவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது, "அந்த நர்ஸம்மா எங்க?" என்று கேட்டாள். ஊருக்குப் போயிட்டாங்க என்றேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வந்தாகன்னா சொல்லுங்க. அவுக அன்னைக்கு ரயில விட்டுட்டு வந்தாகளே, அதை எம்மவளுக்குச் சொல்லி வளப்பேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். யுத்தம் முடிந்தது, சமஸ்தானமும் முடிந்தது, டாக்டரம்மா அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதைச் சொல்ல அக்கா எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.